நான் மூன்று முறை வேண்டாம் என்ற வீடு

அன்பு மகனுக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கைக்கு வந்தது. ரிஜிஸ்தர் கச்சேரிக்குப் புறப்படுகிற நேரம். வழியில் நின்று ஒரு தடவை படித்தேன். கச்சேரி வாசலில் என் சாய்வு மேசையைப் போட்டு உட்கார்ந்த பிறகு இன்னொரு தடவை படித்தேன். நாம் பதினோரு வருஷம் வாடகைக்கு இருந்த வீட்டைக் கோவிந்தன் விற்கிறான், ஆயிரத்து எண்ணூறு கேட்கிறான், மாதம் முடிவதற்குள் பதில் வேண்டும் என்கிறான். உன் கையில் அறுநூறு இருக்கிறது. மருமகள் கமலாவின் சங்கிலியை விற்றால் முந்நூறு வரும். மீதி தொள்ளாயிரத்துக்கு அந்த வீட்டையே அடமானமாக வைத்துக்கொண்டு கடன் தர நீ இருக்கிற ஆவடியில் ஒரு கடைக்காரர் ஒப்புக்கொண்டிருக்கிறார். வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். கேள்வியாகத்தான் எழுதியிருக்கிறாய், ஆனால் மனசுக்குள் நீ வாங்கி முடித்துவிட்டாய் என்பது எனக்குத் தெரிகிறது. ‘அம்மா மறுபடியும் அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைப்பதை நான் பார்க்க வேண்டும்’ என்ற வரியில் பேனாவை அழுத்தியிருக்கிறாய். மை தாளின் மறுபக்கம் வந்திருக்கிறது.

முப்பது வருஷமாக ஊராருடைய வீடு, மனைகளுக்குப் பத்திரம் எழுதிப் பிழைக்கிறவன் நான். யார் எதை வாங்கலாம், யார் எதில் கை வைக்கக் கூடாது என்று எதிரில் வந்து உட்காருகிற ஆளின் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு பெருமை உண்டு. உனக்கும் ஒரு தபால் அட்டையில் பதில் எழுதிப் போட்டிருக்கலாம். முடியவில்லை. அந்த வீட்டைப் பற்றி உனக்கு நான் சொல்லாமல் மறைத்த விஷயம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் வாங்கு என்றாலும் தப்பு, வாங்காதே என்றாலும் தப்பு. இந்த வாரம் முழுக்க ஊரார் வேலைக்கு நடுவில் இதை எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். எப்படி ஆரம்பித்தாலும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறது. ஆகையால் நேராகவே சொல்லிவிடுகிறேன். அந்த வீடு ஒரு காலத்தில் நானூற்றைம்பது ரூபாய்க்கு எனக்கு வந்தது. நான் வேண்டாம் என்றேன். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை.

நாம் அந்த வீட்டுக்குக் குடி போனபோது உனக்கு எட்டு வயது. அப்போது வீட்டுக்காரர் கோவிந்தனின் தகப்பனார் முனுசாமி. மாதம் ஐந்து ரூபாய் வாடகை. அதையும் ஒரு நாள் முன்னே பின்னே கொடுத்தால் வாயைத் திறக்க மாட்டார், நல்ல மனுஷன். நாம் போய் நாலு வருஷம் கழித்து அவருடைய மகள் கல்யாணத்துக்குப் பணம் தேவைப்பட்டது. நேராக என்னிடம்தான் வந்தார். “நீ இருக்கிற ஊடு நீயே எடுத்துக்கப்பா. வெளியாளுக்குக் குடுக்க மனசு வர்ல. நானூத்தம்பது குடு, பத்திரமும் நீயே எழுதிக்க” என்றார். உன் அம்மா உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் எழுந்து போனதும் எருமை விற்றால் எவ்வளவு, வளையல் விற்றால் எவ்வளவு, பால் விற்று அவள் சேர்த்து வைத்தது எவ்வளவு என்று விரல் விட்டுக் கணக்குச் சொன்னாள். முந்நூறுக்கு மேல் வந்தது. மீதிக்கு ஒரு நூற்றைம்பது கடன் வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த வாரம்தான் வானகரத்து விவசாயி ஒருவர் வீட்டுக்கு நான் பத்திரம் எழுதியிருந்தேன். மாடு வாங்க வீட்டை அடமானம் வைத்து, வட்டி ஏறி, கடைசியில் கடன் கொடுத்தவருக்கே வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவர் அவர். கைநாட்டு வைக்கிற நேரத்தில், “எந்த வெரலுங்க?” என்று என்னைக் கேட்டார். நான்தான் அவர் கையைப் பிடித்து மையில் தோய்த்து வைத்தேன். அந்த விரலின் சூடு எனக்குள் இருந்தது. அதனால் கடன் வாங்கி வீடு வாங்க மாட்டேன் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். அன்றைக்கு நான் சொன்ன காரணம் பொய் இல்லை. ஆனால் அடுத்த இரண்டு வருஷத்தில் கையில் பணம் சேர்ந்து, முனுசாமி உடம்பு சரியில்லாமல் படுத்து, மறுபடியும் அதே விலைக்கு ஆள் அனுப்பினாரே, அப்போதும் நான் அந்த வானகரத்து விவசாயியைத்தான் காரணம் காட்டினேன். அப்போது கடனே தேவைப்பட்டிருக்காது. பயந்தேன். அதற்கு ஜாக்கிரதை என்று பேர் வைத்துக்கொண்டேன்.

மூன்றாவது தடவை, குண்டு பயத்தில் பட்டணம் காலியாவதற்கு முந்தைய வருஷம். முனுசாமி இறந்து போவதற்குச் சில மாதங்களுக்கு முன் ஐந்நூறு என்றார். அன்றைக்கு மத்தியானம் நான் சாப்பிட உட்கார்ந்தேன். உன் அம்மா குழம்புக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு ஊற்றாமல் நின்றாள். “இந்த ஒரு தபா சரின்னு சொல்லுங்க. அப்புறம் உங்கள நான் எதுவும் கேட்க மாட்டேன்” என்றாள். அவள் என்னிடம் அப்படிக் கெஞ்சி நான் பார்த்ததில்லை. நான் தட்டைப் பார்த்துக்கொண்டே, “யுத்தம் எப்படிப் போகுதோ தெரியாது. இந்த நேரத்தில ஊட்டுல பணத்தப் போடறது புத்தியில்ல” என்றேன். அவள் குழம்பை ஊற்றினாள். அதற்குப் பிறகு அவள் சொன்னபடியே என்னை எதுவும் கேட்கவில்லை. நீ அப்போது பட்டணத்தில் டைப்பிங் படிக்கப் போய்க்கொண்டிருந்தாய். உனக்கு இதெல்லாம் தெரியாது. தெரியாமல் நான் பார்த்துக்கொண்டேன்.

அதற்கு அடுத்து நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும். ஆனால் உன் கண்ணால் பார்த்ததுதான் உனக்குத் தெரியும். ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணம் காலியானபோது பூந்தமல்லி ரோடில் விடிந்தது முதல் வண்டி வண்டியாக மேற்கே போய்க்கொண்டிருந்தார்கள். பெட்டி, படுக்கை, கூண்டோடு கிளி, எல்லாம் போயிற்று. நம் ஊரில் ஒரு மாட்டுக் கொட்டகைக்கும் வாடகை கேட்க ஆள் வந்தது. முனுசாமி போய் வீடு கோவிந்தன் கைக்கு வந்திருந்த நேரம் அது. ஒரு நாள் காலையில் அவன் வந்து வாசற்படியில் நின்றுகொண்டு, உள்ளே வரச் சொல்லியும் வராமல், “அண்ணாத்தே, தப்பா நெனச்சிக்காதீங்க. பட்டணத்து வக்கீல் ஒர்த்தர் மாசம் இருவது ரூபா தர்றேன்னு ஒத்தக்கால்ல நின்னுகினு கீறாரு. பத்து நாள்ல ஊட்ட காலி பண்ணிக் குடுத்துடுங்க” என்றான். நான் ஏழு ரூபாய் தருகிறேன் என்றேன், எட்டு என்றேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டான். “இன்னா அண்ணாத்தே, இருவது எங்க, எட்டு எங்க” என்று சிரித்தான்.

காலி செய்கிற அன்றைக்கு ஆட்டுக்கல்லை எடுக்கப் போனோமே, நினைவிருக்கிறதா? நாம் அந்த வீட்டுக்குப் போனபோது உன் அம்மா திருமழிசைச் சந்தையில் பார்த்துப் பார்த்து வாங்கி வந்து, பின்கட்டில் தரை தோண்டிப் பதித்த கல். நீ கடப்பாரையைக் கொண்டு வந்தாய். கோவிந்தன் குறுக்கே வந்து, “அது தரையில பதிச்சிட்டது, அது ஊட்டோட சேத்தி” என்றான். நீ அவன் மேல் பாய்ந்துவிடுவாய் போல நின்றாய். என் முகத்தைப் பார்த்தாய், நான் ஏதாவது சொல்வேன் என்று. நான் ஒன்றும் சொல்லவில்லை. நிலத்தில் பதித்ததும் ஊன்றியதும் நட்டதும் வீட்டைச் சேர்ந்தவை என்று என் கையாலேயே நூற்றுக்கணக்கான பத்திரங்களில் எழுதியவன் நான். அந்த வரியை அவனும் ஏதோ ஒரு பத்திரத்தில் கேட்டிருப்பான். உன் அம்மா, “வுட்றா, வா” என்று உன் கையிலிருந்து கடப்பாரையை வாங்கிச் சுவரோரம் சாய்த்துவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டாள்.

குத்தம்பாக்கத்தில் அவளுடைய ஒன்றுவிட்ட அண்ணன் மாட்டுக் கொட்டகையில் பாதியைத் தடுத்துக் கொடுத்தார். இப்போதிருக்கிற வாடகை வீடு கிடைக்கிற வரைக்கும் ஏழு மாதம் அங்கே இருந்தோம். இட்லிக்கு ஊறப்போட்ட அரிசியைக் குண்டானில் எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்காரி மாவாட்டி முடிக்கிற வரைக்கும் அவள் வாசலில் உன் அம்மா நிற்பாள். ஒரு நாள் நீ பட்டணத்திலிருந்து வந்தபோது அதைப் பார்த்தாய். அன்றைக்குச் சாப்பிடும்போது, “அந்த ஊட்ட நான் ஒரு நாள் வாங்கறேனா இல்லையா பாருங்க நைனா” என்று சொன்னாய். பத்தொன்பது வயசுப் பையன் சொன்ன அந்த வார்த்தை எனக்குப் பெருமையாக இருந்தது. அது மட்டுமா? தப்பித்தேன் என்றும் இருந்தது. உன் கோபமெல்லாம் கோவிந்தன் மேல் போய் விழுந்தது. அதில் பாதிக்கு மேல் என் மேல் விழ வேண்டியது. நான் வாயை மூடிக்கொண்டு அடுத்த கவளத்தை எடுத்தேன். ஐந்து வருஷமாக மூடிய வாயை இன்றைக்குத் திறக்கிறேன். கோவிந்தன் பேராசைக்காரன், அதில் சந்தேகமில்லை. ஆனால் நம்மை வெளியே போகச் சொல்கிற இடத்தில் அவனை உட்கார வைத்தது நான்.

செவ்வாய்க்கிழமை மாலை உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் சந்தோஷப்படுவாள், அழுவாள், உடனே வாங்கச் சொல்லி எழுதச் சொல்வாள் என்று நினைத்தேன். முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ரேஷன் அரிசி இந்த வாரம் பாதி கல். படித்து முடித்த பிறகும் பொறுக்கிக்கொண்டே இருந்தாள். பிறகு, “எனக்கு எதுக்கு அந்த ஊடு?” என்றாள்.

“உனக்காகத்தான் வாங்கறான்” என்றேன்.

“என்னிக்கோ நான் அழுததுக்கு இன்னிக்கு அவன் கடன் வாங்குவானா? அந்த ஊட்டுக்குள்ள போனா எனக்கு இன்னா ஞாபகம் வரும் தெரியுமா?”

“கோவிந்தன் கல்ல எடுக்க வுடாம நின்னது.”

“இல்ல” என்றாள். முறத்தைக் கீழே வைத்தாள். “கோவிந்தன் போகச் சொன்னது ஒரு தபா. நீங்க வேணாம்னு சொன்னது மூணு தபா. கரண்டியோட நின்னனே, அந்த அடுப்பங்கரைக்கு நான் மறுபடியும் போவணுமா?”

இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் அவள் இதை ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. உன் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். பிறகு அவளே, “கமலாவ கேட்டானா?” என்றாள். கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். சங்கிலி வருகிறது, கமலாவின் விருப்பம் எந்த வரியிலும் வரவில்லை. “நாளைக்கு ஆவடிக்குப் போலாம் கெளம்புங்க” என்றாள்.

புதன்கிழமை நாங்கள் வந்துபோனதைக் கமலா உன்னிடம் சொல்லியிருப்பாள். குழந்தையைப் பார்க்க வந்ததாகச் சொல்லச் சொன்னது நான்தான். அது பாதி உண்மை. நீ ராணுவக் கிடங்கு வேலைக்குப் போயிருந்தாய். குழந்தை என் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்குவதிலேயே குறியாக இருந்தான். அத்தையும் மருமகளும் அடுப்படியில் பேசிக்கொண்டிருந்தார்கள், ஒரே அறை, எனக்கு எல்லாம் கேட்டது. “அந்த ஊட்ட நான் கண்ணால கூட பாக்கல அத்தே. எங்கம்மா போட்ட சங்கிலி. கேட்டாரு, எடுத்துக்கங்கன்னுட்டேன். அவரு அந்த ஊட்டப் பத்திப் பேசறப்ப மூஞ்சியே வேற மாரி ஆய்டுது. வேணாம்னு நான் எப்டி சொல்றது?” என்றாள். பிறகு குரலை இறக்கி இன்னொன்றும் சொன்னாள். அவளுக்கு நாள் தள்ளிப் போயிருக்கிறது. மூன்றாவது மாதம். வீட்டு விஷயம் முடிகிற வரைக்கும் உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று வைத்திருக்கிறாள், நீ கணக்குப் போட்டுக் கவலைப்படுவாய் என்று. இதையெல்லாம் எழுதலாமா என்று அவளிடமே கேட்டேன். அடுப்பில் விறகைத் தள்ளினாள். “எழுதுங்க மாமா. உங்க கையால எழுதினா அவரு கோச்சிக்க மாட்டாரு” என்றாள். அவள் மேல் கோபம் வந்தால் அதை என் மேல் காட்டு. ஆனால் வரக் கூடாது. உன் வீட்டிலும் ஒருத்தி சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் கரண்டியோடு நிற்கிறாள்.

வியாழக்கிழமை கச்சேரிக்கு லீவு போல ஆக்கிக்கொண்டு அந்த வீட்டைப் போய்ப் பார்த்தேன். கோவிந்தன் காபி வாங்கிக் கொடுத்தான், உன்னைப் பற்றி உயர்வாகப் பேசினான். வக்கீல் குடும்பம் பயம் தீர்ந்ததும் பட்டணத்துக்குத் திரும்பிப் போய்விட்டது. பிறகு இருந்தவர்கள் யாரும் வீட்டைக் கவனிக்கவில்லை. பின்சுவரில் மேலிருந்து கீழ் வரை வெடிப்பு, சுண்டு விரல் போகிறது. நடு உத்தரத்தைத் தட்டிப் பார்த்தேன், கறையான் தின்று உள்ளே ஓட்டையாகக் கேட்கிறது. அதை மாற்றக் கூரை ஓடுகளை இறக்க வேண்டும். இருநூறு ரூபாய்க்குக் குறையாது. வாங்குகிற விலையில் அது சேர்த்தி இல்லை. கோவிந்தனும் இதைச் சொல்ல மாட்டான், உன் கண்ணிலும் இது பட்டிருக்காது. நீ பார்க்கப் போனது பதினோரு வருஷம் வளர்ந்த வீட்டை. உத்தரத்தைத் தட்டிப் பார்க்க உனக்குத் தோன்றியிருக்காது.

இனி உன் கணக்கு. வாடகை எட்டு ரூபாய் கொடுக்கிறேன், வட்டி ஒன்பது ரூபாய், ஒரு ரூபாய்தானே வித்தியாசம் என்று எழுதியிருக்கிறாய். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் அது முதல் மாதத்துக் கணக்கு. அந்த ஒன்பதில் தொள்ளாயிரம் ஒரு ரூபாய்கூடக் குறையாது. அசலில் மாதம் பத்து கொடுத்தால்தான் எட்டு வருஷத்தில் நிமிர முடியும். பஞ்சப்படியோடு உனக்கு ஐம்பத்தெட்டு ரூபாய். அந்தப் பஞ்சப்படி யுத்தத்துக்காகக் கொடுத்தது. உன் வேலையே யுத்தத்துக்காகக் கொடுத்தது. உன்னோடு கிடங்கில் சேர்ந்த பதினோரு பேரில் நாலு பேரை அனுப்பியாயிற்று என்று நீயே போன மாதம் வந்தபோது சொன்னாய். வாடகை வீட்டில் இருக்கும்போது வேலை போனால், சாமானைக் கட்டிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்துவிடலாம். வட்டி கூடவே வரும். மூன்று மாதம் தவறினால், அந்தக் கடைக்காரர் நல்லவரோ கெட்டவரோ, பத்திரத்தில் எழுதியிருப்பதைச் செய்வார். அப்படிப்பட்ட பத்திரத்தைத்தான் நான் இத்தனை வருஷமாக எழுதுகிறேன். அதில் இரக்கத்துக்கு ஒரு வரியும் கிடையாது. கோவிந்தன் நம்மை வெளியே அனுப்பினான் என்றால் வெறும் வாடகைக்காரர்களாக அனுப்பினான். இந்த அடமானம் உன் அறுநூறையும் கமலாவின் சங்கிலியையும் உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டு உன்னை வெளியே அனுப்பும்.

ஆகையால் என் பதில் இது. அந்த வீட்டை வாங்காதே. அந்தப் பத்திரத்தை நான் எழுத மாட்டேன். என் பக்கத்து மேசைக்காரரிடம் நீ போனால், அவரையும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்வேன். நான் அன்றைக்கு ஐந்நூறு ரூபாயில் செய்திருக்க வேண்டியதை இன்றைக்கு நீ இரண்டாயிரத்தில் செய்து என் வெட்கத்தைத் துடைக்கப் பார்க்கிறாய். உன் எண்ணம் பெரிசு, எனக்குத் தெரியும். ஆனால் என் தப்புக்கு நீ வட்டி கட்டக் கூடாது. உன் குழந்தைகள் அதற்குப் பால் குறைத்துக் குடிக்கக் கூடாது.

இத்தோடு நிறுத்தினால் நான் பழைய ஆள்தான், நாலாவது தடவையும் வேண்டாம் என்றவன்தான். வீடே வாங்காதே என்று உனக்கு நான் சொல்லவே மாட்டேன். இந்த வருஷமே வாங்கு. விலை இறங்கட்டும், வேலை நிலைக்கட்டும் என்று காத்திருந்து காத்திருந்து நான் என்ன கண்டேன்? உன்னால் முடிந்ததை வாங்கு. மண்ணூர்பேட்டையில் ஒரு மனை இருக்கிறது. முழு மனை, அதில் செங்கல் சுவரில் ஒரே அறை, மேலே ஓலை. அதன் சொந்தக்காரர் அரக்கோணத்தில் மாமனார் வீட்டோடு போய்ச் சேரப் போகிறார், வேறு ஒரு பத்திர விஷயமாக என்னிடம் வந்தவர். ஐந்நூற்றைம்பது கேட்கிறார். வெள்ளிக்கிழமை நானும் அம்மாவும் நடந்தே போய்ப் பார்த்தோம். முந்தின நாள் நல்ல மழை. அதனால்தான் மறுநாளே போனோம். தெருவில் கணுக்கால் சேறு, மனையில் தண்ணீர் நிற்கவில்லை, மேட்டு நிலம். முப்பது வருஷத்துப் பத்திரங்களைத் தேடிப் பார்த்துவிட்டேன், வில்லங்கம் ஒன்றும் இல்லை. விற்கிறவருடைய தங்கை ஒருத்தி இருக்கிறாள், அவளும் கையெழுத்துப் போட்டால்தான் ஆகும் என்று சொல்லியிருக்கிறேன், கூட்டி வருகிறேன் என்றார்.

அதில் இருக்கிற குறைகளை மறைக்க மாட்டேன். கிணறு கிடையாது, ஐம்பது அடி தள்ளிப் பொதுக் கிணறு. அங்கே தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த பெண்களிடம் அம்மா பேச்சுக் கொடுத்தாள். “கோடையில கூட ஊறும், ஆனா காலையில சண்ட போட்டுதான் மொண்டுகினு வரணும்” என்றார்கள். அம்பத்தூர் ஸ்டேஷனுக்கு நீ முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும், அங்கிருந்து ஆவடிக்கு ரயில். சைக்கிள் இருந்தால் பரவாயில்லை. சுற்றி வயல், பாம்பு உண்டு. விளக்குக்கு மண்ணெண்ணெய்தான். ஓலையை இந்த வருஷம் மாற்றியே ஆக வேண்டும். உன் அறுநூறில் மனைக்குப் போக மீதி ஓலைக்கும் பத்திரச் செலவுக்கும் சரியாகப் போகும், குறைந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் கடன் ஒரு காசு இல்லை. சங்கிலி கமலாவின் கழுத்திலேயே இருக்கும். நாளைக்கே கிடங்கில் உன் பேரைக் கழித்தாலும் உன்னை யாரும் பத்து நாள் கெடு வைத்து எழுப்ப முடியாது. வேலை நிலைத்தால் இரண்டு வருஷத்தில் இன்னொரு அறை எடுக்கலாம், ஓடு போடலாம். அந்த ஒற்றை அறைக்குள் போய் நின்று அம்மா நாலு பக்கமும் பார்த்தாள். “நல்லா கீது. காத்து வருது” என்றாள். முனுசாமி வீட்டைப் பற்றி அவள் அப்படிச் சொல்லிக் கேட்டு எத்தனையோ வருஷமாயிற்று.

இந்த ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை கமலாவையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு முதல் ரயிலில் அம்பத்தூருக்கு வா. நாங்கள் ஸ்டேஷனில் நிற்போம். நீ பார்க்கிறதற்கு முன்னால் அவள் பார்க்கட்டும். கிணற்றடிக்கும் அவளே போய் வரட்டும். அவள் வேண்டாம் என்றால் வேறு தேடுவோம், மண்ணூர்பேட்டை ஒன்றுதான் உலகத்தில் மனையா? அவள் சரி என்றால் பத்திரத்தில் அவள் பேர் முதலில், உன் பேர் அடுத்தது. இதில் நீ மறுபேச்சுப் பேசக் கூடாது. எருமையும் வளையலும் தன்னுடையவையாக இருந்தும் வீட்டைப் பற்றி ஒரு முடிவு சொல்ல முடியாமல் உன் அம்மா பட்டதை நான் எழுதிவிட்டேன், மறுபடியும் எழுத எனக்குத் தெம்பில்லை.

நேற்று சாயங்காலம் கச்சேரி மூடுகிற நேரத்தில் ஸ்டாம்பு விற்கிறவரிடம் போனேன். எனக்கு அவர் இருபது வருஷப் பழக்கம். நான் வாய் திறப்பதற்கு முன்னாலேயே நோட்டைத் திறந்து பேனாவை எடுத்து, “யார் பேருக்கு?” என்றார். எத்தனை ஆயிரம் தடவை அந்தக் கேள்விக்கு ஊரார் பேரைச் சொல்லியிருப்பேன். நேற்று, “என் மருமகள் பேருக்கு” என்றேன். அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். “அட, உங்க ஊட்டுக்கா? இப்பதான் மனசு வந்துச்சா?” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். காசை நானே கொடுத்தேன். பத்திரம் எழுதுகிற ஸ்டாம்புத் தாள் இப்போது என் பெட்டியில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அந்த மனை கமலாவுக்குப் பிடிக்காமல் போகலாம், உனக்கே என் மேல் கோபம் தீராமல் போகலாம். அப்போது அந்தத் தாளுக்குக் கொடுத்த பணம் வீணாகும். ஆகட்டும். இந்த ஒரு தடவையாவது, யாரும் கெஞ்சுவதற்கு முன்னால் நான் சரி என்று சொன்னதாக இருக்கட்டும்.

உன் நைனா